கதவு மூடாத போலர்: பழைய ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர் ஒன்றைச் சீர்செய்த கதை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-ல் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற சிறிய பயண ட்ரெய்லரைக் கொண்டுவந்தார். காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்குவதற்கான வண்டி அது. அதற்கு முன் அவர் கழிவுநீர்த் தொட்டியை ஃபைபர்கிளாஸில் வடிவமைத்திருந்தார். அந்த அனுபவம்தான் இதற்கும் கைகொடுத்தது. மேல் பாதி ஒரு அச்சில், கீழ் பாதி இன்னொரு அச்சில் வார்க்கப்படும். இரண்டையும் இடுப்பு உயரத்தில் சேர்த்து ஒட்டிவிட்டால் ஓடு தயார். மரச்சட்டம் அடித்துத் தகரம் போர்த்திய ட்ரெய்லர்களில் மூலைக்கு மூலை இணைப்பு இருக்கும், அங்கெல்லாம் தண்ணீர் புகும். இதில் அந்த மூலைகளே கிடையாது. 13 அடி நீளம், குறைந்த எடை, சின்னக் கார் இழுத்தாலும் வரும். 1988-ல் தயாரிப்பு நின்றுபோனாலும், வட அமெரிக்கச் சாலைகளில் இன்றும் போலர்களைப் பார்க்க முடிகிறது.

இங்கே பதிவு செய்வது 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஒரு போலரைப் பற்றி. டொராண்டோவுக்குக் கிழக்கே வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதி அதைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினார்கள். கணவருக்கு அறுபதை நெருங்கும் வயது. கோடையில் கில்பேர், பான் எக்கோ போன்ற ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களுக்குப் போய்த் தங்குவது இருவருக்கும் பிடித்தமான விஷயம். புதிதாக வண்ணம் அடித்து, பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்த வண்டி. அதை வாங்கியதில் தவறொன்றும் இல்லை, ஓடு உண்மையிலேயே நல்ல நிலையில்தான் இருந்தது.

ஆனால் முன்பு வைத்திருந்தவர்கள் இரண்டு மாற்றங்கள் செய்திருந்தார்கள். படுக்கையை அகலப்படுத்துவதற்காகக் கதவுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரை நின்ற அலமாரியைக் கழற்றிவிட்டார்கள். கூரையில் காற்றுப்போக்கிக்கென்று இருந்த 14 அங்குலச் சதுரத் துளையில் ஏசி ஒன்றைப் பொருத்தினார்கள். தம்பதி தங்கள் பங்குக்கு, வண்டியின் பின்பக்கம் ஒரு தாங்கி வைத்து அதில் இரண்டு சைக்கிளும் ஏசிக்கு வேண்டிய சிறு ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்று குறைகள் சொன்னார்கள். மழை பெய்தால் பின்பக்க இருக்கைக்கு அடியில் ஈரம். கதவின் மேல்பகுதி மூடாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. 401 நெடுஞ்சாலையில் லாரி கடந்துபோனால் வண்டி வாலாட்டுகிறது. மூன்றும் தனித்தனிக் குறைகள் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். “தம்பி, தண்ணி உள்ள வர்றதை மட்டும் நிறுத்திக் கொடுத்தாப் போதும், மத்ததைப் பழகிக்குவோம்” என்பதுதான் கணவர் முதலில் கேட்டது.

பார்த்தவை

இப்படிப்பட்ட வண்டிகளில் வேலை செய்யும் இன்னொரு நண்பரும் நானும் சேர்ந்து பார்த்தோம். நான் முதலில் பார்க்க விரும்பியது கதவை. ஃபைபர்கிளாஸ் ஓட்டில் உள்ளே எலும்புக்கூடு எதுவும் இல்லை. உள்ளிருக்கும் அலமாரிகளும் தடுப்புகளும்தான் கூரையைத் தாங்கும் தூண்கள். கதவும் உடலின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்துச் செய்யப்பட்டது. கூரை கொஞ்சம் இறங்கினாலே உடலின் வளைவு மாறிவிடும், கதவின் வளைவு மாறாது. அதனால் மேல்முனை வெளியே நிற்கும். கதவைக் குறைசொல்லி அதை வளைக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். கதவு அளவுகோல் மாதிரி, மற்ற இடத்தில் நடந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இங்கே மேல்முனையில் இடைவெளி 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரைக்கு ஒரு மரச்சட்டத்தை முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் மெதுவாகத் தூக்கியபோது இடைவெளி பாதிக்கு மேல் குறைந்தது. அதாவது அலமாரி போனதும் ஏசியின் எடை ஏறியதும் ஒரு பங்கு. மிச்சப் பங்கு வேறெங்கோ இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அது தெரிந்தது. முன்பக்க இழுசட்டம் உடலுக்கு அடியில் நுழையும் வளைவில், கதவுப் பக்கச் சேசிஸ் குழாயில் விரிசல். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அடிப்பகுதியில் தொடங்கி பக்கவாட்டில் பாதி உயரம் ஏறியிருந்தது. சேசிஸ் அந்த இடத்தில் வளைந்துகொடுத்ததால் தளம் இறங்கி, கதவுச் சட்டமும் கோணியிருக்கிறது.

அடுத்தது ஆக்ஸில். இவ்வகை வண்டிகளில் பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) கிடையாது. ஒரு சதுரக் குழாய்க்குள் சதுரத் தண்டு, இரண்டுக்கும் இடையில் அழுத்திவைத்த ரப்பர் கம்பிகள். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கேறி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ரப்பர் இறுகிப்போகும். சோதிக்க எளிய வழி உண்டு. சேசிஸை ஜாக்கியால் தூக்கினால், நல்ல ஆக்ஸிலில் சக்கரம் தன் எடையில் நன்றாகக் கீழே இறங்கும். இதில் அசையவே இல்லை. சக்கரத்தை அந்தத் தண்டோடு இணைக்கும் கைகள் கிடைமட்டத்தையும் தாண்டி மேல்நோக்கி இருந்தன. சக்கரக் குழியின் உட்புறம் டயர் உரசிய தடம். சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகச் சேசிஸுக்கும் ஓட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது என்று பொருள்.

இதற்குப் பிறகுதான் நீர்க்கசிவைத் தேடினோம். காற்றூதி ஒன்றை ஜன்னல் வழியே வைத்து, மற்ற திறப்புகளை டேப்பால் அடைத்து, உள்ளே லேசாகக் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தோம். தண்ணீர் உள்ளே போகிற வழியில் காற்று வெளியே வரும், நுரை காட்டிக்கொடுக்கும். குழாயைத் திறந்துவிட்டு உள்ளே காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் ஓட்டின் உட்புறம் ஒட்டப்பட்ட நுரைத்தோலுக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தோடி, புகுந்த இடம் ஒன்று, சொட்டும் இடம் இன்னொன்று என்று ஆகிவிடும்.

நுரை வந்தது பெரும்பாலும் ரிவெட்டுகளில். உள்ளிருக்கும் மேல் அலமாரிகளை ஓட்டோடு பிடித்திருப்பவை இந்த அலுமினிய ரிவெட்டுகள், ஓட்டைத் துளைத்து வெளியே வந்து பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். பல ரிவெட்டுகள் ஆடின. ஒன்றிரண்டைக் கழற்றியபோது துளை வட்டமாக இல்லை, நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. யாரோ எல்லாவற்றின் மேலும் சிலிக்கோன் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். அது வெளிவிளிம்பில் உரிந்து, உள்ளே புகுந்த தண்ணீரைத் தேக்கிவைத்திருந்தது. பின் ஜன்னலின் கீழ்விளிம்பிலும் நுரை வந்தது.

தேய்ந்த துளைதான் எனக்கு இந்த நிகழ்வின் மையம். மழையால் துளை நீள்வட்டமாகாது. இறுகிய ஆக்ஸில் ஓட்டை உலுக்க, உலுக்கலில் ரிவெட் ஆட, ஆடிய துளையில் தண்ணீர் இறங்க, அந்தத் தண்ணீர் பின்பக்க இருக்கைக்கு அடியில் தேங்கித் தளத்து பிளைவுட்டை ஊறவைத்திருக்கிறது. அங்கே குத்தூசியால் குத்தினால் பிடியின்றி இறங்கியது. மேலே பூசி மறைத்திருந்தால் அடுத்த ஆண்டே திரும்ப வந்திருக்கும்.

எடை

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில், பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே எல்லாம் ஏற்றி நிறுத்தச் சொன்னோம். ட்ரெய்லரின் மொத்த எடை 760 கிலோ. காரோடு இணைக்கும் கொக்கியில் விழும் பாரத்தைக் குளியலறை எடைக்கருவியை வைத்துப் பார்த்தபோது 36 கிலோ, அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. கொக்கியில் பாரம் குறைந்தால் ட்ரெய்லர் வாலாடும், அதனால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பின் தாங்கியில் சைக்கிள்களும் ஜெனரேட்டரும் சேர்த்துச் சுமார் 60 கிலோ. ஆக்ஸிலிலிருந்து அது 1.8 மீட்டர் பின்னால், கொக்கி 2.7 மீட்டர் முன்னால். சீசா பலகைக் கணக்குப்படி அந்த 60 கிலோ கொக்கியிலிருந்து 40 கிலோவைத் தூக்கிவிடுகிறது. அவர்களின் காருக்கு இழுக்கும் வரம்பு 1,500 பவுண்டு, ஏறத்தாழ 680 கிலோ. அந்த வரம்பையும் வண்டி தாண்டியிருந்தது. “இத்தனை சின்ன வண்டிதானே” என்றார் அவர் மனைவி. பழைய விளம்பர எடையை நம்பி வாங்குகிறவர்கள் எல்லாரும் நினைப்பது அதுதான். நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. உள்ளதைச் சொல்லி விற்றுவிடுவது. ஓட்டைச் சேசிஸிலிருந்து முழுதாகத் தூக்கி எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. அல்லது அடியிலிருந்து தொடங்கி, ஓட்டைக் கழற்றாமலே படிப்படியாகச் செய்வது. சேசிஸின் மற்ற பகுதிகளைச் சுத்தியலால் தட்டியும் சுரண்டியும் பார்த்ததில் உலோகம் கனமாகவே இருந்ததால் மூன்றாவது வழியை எடுத்தார்கள். துரு பரவியிருந்தால் புதுச் சேசிஸ்தான் சரி, ஒட்டுப்போடுவது வீண்.

வரிசை இப்படி முடிவானது: சேசிஸ், ஆக்ஸில், கூரைத் தாங்கல், தளம், அதன் பிறகே கசிவு அடைப்பு, கடைசியில் உள்சாமான்கள். கசிவை முதலில் அடைத்தால், பிறகு கூரையைத் தூக்கும்போதும் சேசிஸை நிமிர்த்தும்போதும் ஓடு அசைந்து அடைத்ததெல்லாம் திரும்பத் திறந்துகொள்ளும். இதை ஒப்புக்கொள்வது உரிமையாளருக்குச் சுலபமாக இல்லை. கோடை நெருங்கிக்கொண்டிருந்தது, முதலில் கேட்ட வேலை கடைசிக்குப் போனது. அந்தக் கோடையில் கூடாரத்தில் தங்குவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த வேலை நன்றாக முடிந்திருக்காது.

ஏசி விஷயத்தில்தான் வாக்குவாதம். கூரையில் சுமார் 38 கிலோ. அதற்காகவே ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்காகவே பின் தாங்கி. ஒன்றை எடுத்தால் மூன்றும் போகும். ஒன்டாரியோ பூங்காக்களில் இரவில் ஜன்னலைத் திறந்தாலே போதும் என்பது அவர் மனைவியின் கருத்து, அதுவே நின்றது.

வேலை நடந்த விதம்

சேசிஸை உரிமம் உள்ள வெல்டர் ஒருவர் செய்தார். எரிவாயு சிலிண்டரையும் பேட்டரியையும் முதலில் இறக்கியாயிற்று. ஓட்டுக்கும் வெல்டிங் இடத்துக்கும் நடுவே தகரமும் தீத்தடுப்புப் போர்வையும். ஃபைபர்கிளாஸ் ரெசின் பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், இந்த எச்சரிக்கையை யாரும் குறைக்கக் கூடாது. விரிசலின் முடிவில் சிறு துளையிட்டு, பள்ளமாகத் தேய்த்து, பற்றவைத்து நிரப்பி, மேலே வலுத்தகடு வைத்தார். தகட்டின் இரு முனைகளும் கூர்மையாகச் சாய்த்து வெட்டப்பட்டவை. நேராக வெட்டிய தகட்டை வைத்துக் குழாயின் குறுக்கே மேலிருந்து கீழாகப் பற்றவைத்தால், அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். மறுபக்கக் குழாய்க்கும், விரிசல் இல்லாவிட்டாலும், அதே தகடு.

புதிய ஆக்ஸில் 2,200 பவுண்டு தாங்கும் ரப்பர் வகை, சக்கரக் கை 22.5 டிகிரி கீழ்நோக்கித் தொடங்குவது. ஆர்டர் கொடுக்கும்போது சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து எதிர்முகம் வரையான அளவும், சேசிஸில் பிடிக்கும் இடங்களின் வெளியளவும் கேட்பார்கள். மில்லிமீட்டர் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். ஆக்ஸிலின் குழாயில் நேரடியாக வெல்டிங் வைக்கவே கூடாது, சூட்டில் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுப்போகும். அதனால் சேசிஸில் தாங்கிகளை முதலில் பற்றவைத்து, பிறகு ஆக்ஸிலை போல்ட்டால் பிடித்தார்கள்.

கூடவே 7 அங்குல மின்பிரேக்கும் வந்தது. 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத்தான் ஒன்டாரியோவில் பிரேக் கட்டாயம், இதற்குத் தேவையில்லை. ஆனால் சிறிய காரின் பிரேக் மட்டும் இரண்டு வண்டியையும் நிறுத்த வேண்டிய நிலை எனக்கு உவப்பானதல்ல. ஆக்ஸிலோடு சேர்த்து வாங்கும்போது கூடுதல் செலவு சிறிது. காரில் 7 முனை இணைப்பும் பிரேக் கட்டுப்படுத்தியும் பொருத்தினார்கள். டயர்களும் மாற்றப்பட்டன. பழையவற்றில் பட்டன் நன்றாக இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறி அவை பத்து ஆண்டைத் தாண்டியவை என்று சொன்னது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று சாவதே அதிகம்.

கூரையை ஒரே நாளில் தூக்கவில்லை. சில நாட்கள் இடைவிட்டு, ஜாக்கியைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். முட்டுச்சட்டத்தின் மேலும் கீழும் அகலப் பலகை, பாரம் ஒரே புள்ளியில் விழாதிருக்க. கதவு மேல்முனை சீராகச் சேர்ந்த பிறகு, அந்த உயரத்துக்கு அளந்து புதிய அலமாரிப் பலகை வெட்டி, தரையோடும் கூரையோடும் கண்ணாடி இழைத்துணியும் எபாக்சியும் வைத்து ஒட்டியாயிற்று. அலமாரி பழையதைவிடக் குறுகலானது, அதனால் படுக்கையின் அகலம் பெரிதாகக் குறையவில்லை.

தளத்தில் ஊறிப்போன பிளைவுட்டை நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்து, காய விட்டு, மரைன் பிளைவுட் பொருத்தினோம். விளிம்புகளை எபாக்சியால் நனைத்து மூடுவதுதான் முக்கியம், தண்ணீர் ஏறுவது விளிம்பில்தான். ஓட்டுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது. பழைய ஃபைபர்கிளாஸைத் தேய்க்கும்போது தூசி நுரையீரலுக்கு ஆகாது. நல்ல வடிகட்டியுள்ள முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ரிவெட்டுகள். பழைய சிலிக்கோனைச் சுரண்டியெடுப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் மிகச் சலிப்பானது. அது கொஞ்சம் மிஞ்சினாலும் வேறெதுவும் அதன்மேல் ஒட்டாது. தேய்ந்த துளைகளை எபாக்சிப் பசையால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, முனை மூடிய ரிவெட்டைப் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து அடித்தோம். பின் ஜன்னலை முழுதாகக் கழற்றிப் பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பொருத்தினோம். உட்சுவர் நுரைத்தோலை உரித்துவிட்டுத் துணிவிரிப்பு ஒட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. துணி ஈரத்தைப் பிடித்துவைக்கும், நுரைத்தோல் பிடிக்காது. கிளம்பியிருந்த இடங்களை மட்டும் பசை வைத்து ஒட்டினோம்.

உள்சாமான்கள்

இங்கே ஒரே விதி: கூரையில் புதிய துளை கிடையாது. ஏசி இருந்த இடத்தில் 12 வோல்ட் காற்றுப்போக்கி விசிறி. 100 வாட் சூரியத்தகடு தரையில் விரித்து வைப்பது. நிழலில் வண்டி, வெயிலில் தகடு என்று வைக்க அதுவே வசதியும்கூட.

பழைய ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதற்குப் பதில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்தது, எடையும் பாதிக்குப் பாதி. இதை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் இழுசட்டத்தின் மேல் வெளியே இருந்த பேட்டரிப் பெட்டியை விட்டுவிட்டு, முன் இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்றப்பட்டது. விளக்குகள் எல்லாம் எல்இடி.

எரிவாயு அடுப்பின் குழாய்களையும் அழுத்தச் சீராக்கியையும் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற வல்லுநரிடமே விட்டோம். சிலிண்டருக்குக் கனடாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுசோதனை வேண்டும், இதன் தேதி கடந்திருந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானும் எரிவாயு எச்சரிப்பானும் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் திருப்பிப் பின்பக்கத் தேதியைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் இன்றே செய்வதென்றால் அந்தத் தேதியைப் பாருங்கள்.

பின்விளைவு

அடுத்த இளவேனிலில் அதே எடைமேடை. மொத்தம் 653 கிலோ, கொக்கியில் 70 கிலோ, அதாவது ஏறத்தாழ 11 சதவீதம். சைக்கிள்கள் காரின் மேலே போய்விட்டன, தண்ணீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்புகிறார்கள். கார் வரம்புக்குக் கீழே வந்தாலும் 27 கிலோதான் இடைவெளி. புதிதாக ஒரு பொருள் ஏற வேண்டுமென்றால் ஒன்று இறங்க வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.

லாரி கடக்கும்போது வாலாட்டம் இல்லை. கதவு ஒரே தள்ளலில் மூடுகிறது. மழைக்காலம் ஒன்று முழுக்கக் கடந்த பிறகு பின் இருக்கையைத் திறந்து பார்த்தோம், தளம் காய்ந்திருந்தது. முன் ஜன்னலின் ஒரு மூலையில் மட்டும் புதிதாக ஈரம் தெரிந்தது. சோப்புத் தண்ணீர்ச் சோதனையில் அந்த ஜன்னல் நுரை காட்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது மழை இல்லை, குளிர் இரவுகளில் இருவரின் மூச்சு ஈரம் ஒற்றைக் கண்ணாடியில் படிந்து வழிவது. காற்றுப்போக்கியை இரவில் சற்றுத் திறந்து வைத்ததும் பெரும்பாலும் நின்றது.

குளிர்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்களை வடித்து, ட்ரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பானை ஏற்றினார்கள். காருக்கு ஊற்றும் பச்சை உறைதடுப்பான் நஞ்சு, குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. பனி பெய்யும்போதெல்லாம் கூரையைத் துடைத்துவிடுவதும் பழக்கமாகிவிட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எடைமேடைக்கு முதல் நாளே போக வேண்டும். வண்டியைப் பிரிக்கும் முன்பே அந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால், எது இருக்கும் எது போகும் என்ற வாக்குவாதம் பாதி குறையும்.

கூரை உயரத்துக்கு ஒப்பிட எண் எதுவும் இல்லாததால் கதவின் சேர்க்கையை வைத்தே உயரத்தை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சீராக இருக்கும் இன்னொரு போலரில் தரையிலிருந்து கூரை வரை மூன்று இடங்களில் அளந்து வைத்துக்கொண்டால் இன்னும் துல்லியமாக இருக்கும். அலமாரியைக் கழற்ற நினைப்பவர்கள் கழற்றும் முன்பே அந்த அளவை எழுதி வைக்கலாம். கழற்றாமலே விட்டால் இன்னும் நல்லது.

காரின் மின்வேலையை ஆக்ஸில் வரும் முன்பே முடித்திருந்தால், பிரேக் சோதனை சில வாரங்கள் தள்ளிப்போயிருக்காது.

ஜன்னல் மூலைகளில் உள்ள மயிரிழை வெடிப்புகளை இப்போதைக்குத் தொடவில்லை. அவை மேற்பூச்சில் மட்டுமே, நீள்கின்றனவா என்று பார்க்க முனைகளில் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். சேசிஸில் பற்றவைத்த இடத்தையும் ஒவ்வொரு இளவேனிலும் தேய்த்துப் பார்ப்பதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.